ஒற்றைக்கு ஓர் ஆள்

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து போவதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத உயரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியான கீழ் டிவிசனில் யோகேஸ்வரன் இருக்கிறார். தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் துரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கங்காணியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், காலில் ஏறும் அட்டையைப் பற்றிக்கூட மனமுருகி எழுதியிருக்கிறார்கள். ஒற்றையாளைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. இத்தனைக்கும் யோகேஸ்வரன் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி, வேன் கதவைத் திறப்பதற்கு முன்பே நின்று போயிருக்கும்.

விஷயம் இதுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஒற்றைப்படையில் போகவேண்டும். ஐந்து பேர் போகலாம், ஏழு பேர் போகலாம். மூன்றும் ஒற்றைதான், ஆனால் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டவர்களுக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே விளக்கம், "ஆகாதுன்னா ஆகாதுதான்" என்பது. இந்தச் சட்டத்தை இயற்றியவர் யாரோ, அவர் குடும்பம் என்ற ஒன்றை நேரில் பார்த்திராதவர். குடும்பங்கள் இரட்டையாகவே விளைகின்றன. அப்பா அம்மா இரண்டு, சித்தப்பா சித்தி நான்கு, மாமா அத்தை ஆறு, மாப்பிள்ளையோடு ஏழு என்று எல்லோரும் மூச்சு விடும்போது சித்திக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். சித்திக்கு மாற்றாக ஒரு பெரியம்மாவைப் பிடித்தால், அவர் கூடவே பெரியப்பாவும் தலைவாரிக்கொண்டு வந்து நிற்பார்.

அப்போதுதான் யோகேஸ்வரன் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கும்.

"யோகேசு! வெள்ள சட்ட தொவச்சிருக்கா?"

நேரமிருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை. சட்டைதான் கேள்வி.

இந்தப் பதவிக்கு வேண்டிய தகுதிகள் வெளியாருக்கு இலேசாகத் தெரியலாம். ஆள் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும், ஆனால் மாப்பிள்ளையைவிட லட்சணமாக இருந்துவிடக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது, வடைக்கும் மாப்பிள்ளையைப் புகழவும் மட்டும் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி இருக்கக்கூடாது. மனைவி இருந்தால் அவரும் வருவார், கணக்கு மறுபடி இரட்டையாகிவிடும். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த யோகேஸ்வரனிடம் இந்தத் தகுதிகள் அனைத்தும் இருந்தன. கடைசித் தகுதி மட்டும் கொஞ்சம் அளவுக்கு அதிகமாகவே இருந்தது.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது வேறு. பழைய துரை பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிப் போகும் விடுதி. அங்கே அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. குழாய் ஒழுகினால் யோகேஸ்வரன், குரங்கு பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் யோகேஸ்வரன், விருந்தாளியின் தொப்பி காற்றில் பறந்து தேயிலைக்குள் விழுந்தால் யோகேஸ்வரன். விடுதியை நடத்தும் ஷாமிலா மிஸ் அவரை விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்தும்போது, "ஹி இஸ் அவர் ஒட் ஜொப் மேன்" என்பார். 'ஒட்' என்பது ஏதோ உயர்ந்த உத்தியோகம் என்று நினைத்து யோகேஸ்வரன் ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தினார்.

போன வருடம் மிஸிஸ் ஹார்லி என்ற கிழவி தன் புருஷனோடு வந்து ஒரு வாரம் தங்கியபோதுதான் அந்தச் சொல்லின் விசுவரூபம் தெரிந்தது. சலவைக்குப் போன காலுறைகளில் ஒன்று திரும்பவில்லை. மிஞ்சிய ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஒட்" என்றார் கிழவி. வெயிலடிக்கும்போதே மழை பெய்தது. "ஒட்." மீன் கறியை முகர்ந்து பார்த்தார். "ஒட்." கல்யாணமாகி நாற்பது ஒட் வருடமாம். தோட்டத்துப் பக்கம் தனியாகப் பேசிக்கொண்டு நடக்கும் புருஷனைக் காட்டி, அவர் கொஞ்சம் ஒட் என்றார். அதே புருஷன் எப்போதாவது ஓர் ஒட் விஸ்கி குடிப்பார் என்றும் சொன்னார்.

யோகேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. ஷாமிலா மிஸ்ஸிடம் போனார்.

"மிஸ், இந்த ஒட்டுக்கு என்னாதான் அர்த்தம்?"

ஷாமிலா மிஸ் பில் போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "சோடி இல்லாத சொக்ஸும் ஒட்தான். ஆளு ஒரு மாதிரின்னா அதுவும் ஒட். நாப்பது சொச்சம்னா அந்தச் சொச்சம் இருக்கில்ல, அதுவும். எப்பயாச்சும் ஒண்ணுன்னாலும் ஒட். அப்புறம் அஞ்சு, ஏழு, ஒம்பது."

"எப்பயாச்சும் ஒண்ணா? அந்தக் கெழவரு அந்தி தவறாம குடிக்கிறாரே மிஸ்."

"அது பொண்டாட்டி கணக்கு. நம்ம தலையிடக்கூடாது."

அன்று முழுவதும் செடி வெட்டிக்கொண்டே யோகேஸ்வரன் அந்தச் சொல்லைத் தனக்குப் போட்டுப் பார்த்தார். தைத்துவைத்தது போலப் பொருந்தியது. சோடி இல்லாதவர். ஒரு மாதிரியானவர் என்று பெயரெடுத்தவர். எந்தக் கூட்டத்திலும் சொச்சம். எப்போதாவது கூப்பிடப்படுகிறவர். ஐந்தாவது ஆள், ஏழாவது ஆள். வெள்ளைக்காரன் நூறு வருடத்துக்கு மேல் இந்த மலையை ஆண்டதில் நமக்கு மிஞ்சியது என்ன என்று மேடைகளில் கேட்கிறார்கள். யோகேஸ்வரனைப் பொறுத்தவரை விடை தெளிவு. அவரை முழுதாக வர்ணிக்க மூன்றே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல் மிஞ்சியது.

அந்த வர்ணனையில் ஒன்று மட்டும் கொஞ்சம் குத்தியது. சோடி இல்லாத சமாசாரம். அது குத்தியதற்குக் காரணம் மேல் டிவிசனில் இருந்தது.

மேல் டிவிசன் முன்பள்ளி டீச்சர் சுதர்ஷினியைப் பெண் பார்க்க இதுவரை நான்கு கூட்டங்கள் போயிருந்தன. நான்கிலும் ஒற்றைக்கு யோகேஸ்வரன். முதல் மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடவேண்டும் என்றார். சுதர்ஷினி மாப்பிள்ளையை விட்டார். இரண்டாவது ஜாதகம் பொருந்தவில்லை. மூன்றாவது மாப்பிள்ளையின் அம்மா, பெண் நிமிர்ந்து பார்க்கிறாள் என்று குறை சொன்னார். நான்காவது மாப்பிள்ளை போனிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. பெண் நிமிர்ந்தாளா குனிந்தாளா என்றே அவருக்குத் தெரியாது.

மாப்பிள்ளைகள் மாறினார்கள். சமையலறைக் கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்த ஆள் மாறவில்லை. முதல் தடவை தேத்தண்ணி நீட்டும்போது, "சீனி போதுமா?" என்று கேட்டார் சுதர்ஷினி. இரண்டாவது தடவை தட்டோடு ஒரு கணம் நின்றார்.

"நீங்க போன தடவயும் வந்தீங்கல்ல?"

"ஆமா டீச்சர்."

"மாப்பிள்ளைக்கு என்னா வேணும் நீங்க?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர். ஒத்தைக்கு வந்தேன்."

தட்டு குலுங்கியது. சிரிப்பை அடக்கத் தெரியாத கைகள். மூன்றாவது தடவை அவர் கேட்காமலே சீனி சரியாக இருந்தது. நான்காவது தடவை வடையும் ஒன்று கூட இருந்தது. யோகேஸ்வரனுக்கு அந்த வடை இறங்கவில்லை. அவருடைய நீண்ட ஒற்றைச் சேவையில் வடை இறங்காமல் போனது அதுவே முதல் தடவை. நோய் முற்றிவிட்டது என்று அவரே தெரிந்துகொண்டார்.

அப்படியானால் நேரே போய்க் கேட்கவேண்டியதுதானே என்று வாசகர்கள் எளிதாகச் சொல்லிவிடலாம். ஊராருக்கெல்லாம் ஆள் கணக்கைச் சரிசெய்து கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒரு கூட்டம் சேர்க்கத் தெரியவில்லை. வீட்டில் அவரும் அம்மா ராமாயியும். இரண்டு பேர். இரட்டை. மேலும், அந்த வீட்டுக்கு எப்போதும் இன்னொருவனுக்காகவே போன ஆள், திடீரென்று தனக்காகப் போய் எந்த முகத்தோடு நிற்பது?

இந்த நிலையில்தான் ஐந்தாவது மாப்பிள்ளை வந்தார். நிரஞ்சன். கொழும்பில் ஒரு பெரிய ஹொட்டேலில் ரிசெப்சன். நல்ல நிறம், நல்ல பழக்கம், ஜாதகம் வேறு பொருந்தித் தொலைத்திருந்தது. மனைவி வேலைக்குப் போனால் சந்தோஷம் என்று வேறு சொல்லியிருந்தார். யோகேஸ்வரன் இரண்டு நாள் தேடியும் அந்தப் பிள்ளையிடம் ஒரு குறை கிடைக்கவில்லை. இது நடந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. நடந்தால் சுதர்ஷினி கொழும்புக்குப் போய்விடுவார்.

ஞாயிறு காலை நிரஞ்சனின் அம்மா அங்கம்மாவே லயத்துக்கு வந்தார்.

"யோகேசு, நம்ம ஆறு பேரு ஆயிட்டோம். ஏறு வேன்ல."

"சட்ட காயல அக்கா. மழை." வாழ்க்கையில் முதன்முறையாக யோகேஸ்வரன் தொழிலில் பொய் சொன்னார். வீட்டுக்குள் கொடியில் சட்டை மொறமொறவென்று காய்ந்து தொங்கியது.

"தெரியும் தம்பி, இந்த மழையில யாரு சட்டதான் காயும்? அதான் நிரஞ்சனோட சட்டய அயன் பண்ணியே கொண்டாந்துட்டேன். போடு."

இப்படியாக யோகேஸ்வரன், தான் விரும்பிய பெண்ணை வேறொருவனுக்குப் பார்க்க, அந்த வேறொருவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

வேன் மேல் டிவிசன் சேர்ந்தபோது மழை கொட்டியது. ஏழு பேரும் இறங்கி ஓடி உள்ளே போனார்கள். சுதர்ஷினியின் அப்பா மாயாண்டி உபசாரத்தில் ஒரு படி கூடுதலான மனிதர். வேனுக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் றொனால்டையும் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் அமர்த்தி, கையில் வடையையும் கொடுத்துவிட்டார். றொனால்ட் கடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அங்கம்மா எண்ணினார்.

"ஐயையோ, எட்டு!"

அடுத்து நடந்த விசாரணை, உயர் நீதிமன்றத்தில் நடந்திருந்தால் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கும். டிரைவர் என்பவர் ஆளா, வேனின் ஒரு பாகமா?

"டிரைவர எல்லாம் எண்ணக்கூடாதுக்கா," என்றார் அங்கம்மாவின் தம்பி செல்லமுத்து. "டயர எண்ணுறோமா?"

"டயரு வட தின்னுமாடா?"

"நான் வேதக்காரன் அம்மா, சர்ச்சுக்குப் போறவன்," என்றார் றொனால்ட், வாயில் வடையோடு. "எனக்கு இந்த ஒத்த ரெட்ட ஒண்ணும் கெடையாது. என்ன விட்டுட்டு எண்ணுங்க."

"கோயிலு வேறன்னா தல இல்லாமயா போயிரும்?" என்றார் அங்கம்மா.

றொனால்ட் எழப்போனார். மாயாண்டி விடவில்லை. "கடிச்ச வடையோட ஒருத்தர வெளிய அனுப்பிட்டா, அப்புறம் இது வீடா?"

மாப்பிள்ளை போகமுடியாது. மாப்பிள்ளையின் அம்மா போகமாட்டார். மாமா போனால் மரியாதையில்லை. எட்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கடைசியில் ஏழு முகங்களும் முக்காலியைப் பார்த்தன.

"யோகேசு," என்றார் அங்கம்மா, குரலைக் குழைத்து. "செத்த வெளிய நில்லேன்பா."

ஒற்றையாக்கக் கூட்டிவந்த ஆளை ஒற்றையாக்குவதற்காக வெளியே அனுப்பினார்கள். யோகேஸ்வரன் முன்பக்கம் போனால் மழை நேரே அடித்தது. ஆகவே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சமையலறைத் தாவாரத்தின் கீழ் ஒதுங்கினார். பின் கதவு திறந்திருந்தது. உள்ளே பட்டுச் சேலையோடு சுதர்ஷினி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னா, வெளிய நிக்கிறீங்க?"

"கணக்கு கூடிருச்சு டீச்சர்."

"கொறஞ்சா இழுப்பாங்க, கூடுனா தள்ளுவாங்க. நல்ல உத்தியோகம்." அவர் தேத்தண்ணியை மேலும் ஓர் ஆற்று ஆற்றினார். "மாப்பிள்ள எப்பிடி?"

"தங்கமான புள்ள டீச்சர். சிகரட், கிகரட் ஒண்ணும் கெடையாது."

"நாலு மாப்பிள்ளயையும் தங்கமான புள்ளன்னுதானே சொன்னீங்க? ஒருத்தன் முகத்தகூட காட்டல."

"அது கடம டீச்சர். வடைய தின்னுட்டு வேற எப்பிடி சொல்றது?"

"இன்னைக்கு இன்னும் வட திங்கலயே. இப்ப சொல்லுங்க."

கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் நிரஞ்சனின் சட்டைத் தோளில் விழுந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரன் நகரவில்லை. எத்தனையோ வீடுகளில் அவர் மனதில் உள்ளதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அத்தனை வீட்டிலும் விழுங்கியது இப்போது ஒன்றாய்ச் சேர்ந்து வெளியே வந்தது.

"வேணாம்னு சொல்லிருங்க டீச்சர்."

"ஏன்?"

"இந்தப் புள்ளயில ஒரு கொறயும் இல்ல. அதான் பயமா இருக்கு. இது முடிஞ்சிருச்சுன்னா, இந்த வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணமும் இருக்காது."

சுதர்ஷினி ஆற்றுவதை நிறுத்தினார். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பியவர், கதவருகில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"இத சொல்ல அஞ்சு மாப்பிள்ளய கூட்டிட்டு வரணுமா?"

உள்ளே நடந்ததை யோகேஸ்வரன் பார்க்கவில்லை; சுவர் மெல்லியது, காதில் எல்லாம் விழுந்தது.

கோப்பைகள் இறங்கும் சத்தம் கேட்டது. அங்கம்மாவின் குரல்: "உக்காரும்மா, ஏன் நிக்கிற?"

"ஒரு ஆளுக்கு இன்னும் தேத்தண்ணி குடுக்கல," என்றார் சுதர்ஷினி. "மழையில நிக்கிறாரு."

"யாரு, யோகேசா? அவன் உள்ள வந்தா மறுபடி எட்டாயிரும்மா. கெளம்பையில வேன்ல குடிச்சுக்குவான்."

"ஒங்க பக்கம் உக்காந்தாதானே எட்டு? எங்க பக்கம் உக்காரட்டும்."

கூட்டத்தில் இதை முதலில் புரிந்துகொண்டவர் சுதர்ஷினியின் அம்மா காளியாயி. "அடியே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். செல்லமுத்துவுக்குக் கணக்கு மட்டும் புரிந்தது. "அப்பிடி பாத்தா சரிதான். நம்ம பக்கம் ஏழு," என்று திருப்தியோடு தீர்ப்பளித்து, அக்காவிடம் முழங்கையால் ஓர் இடி வாங்கினார்.

மாயாண்டி மெதுவாக யோசிக்கிறவர். மெதுவாகவே பேசினார். "அம்மா, அந்தத் தம்பி ஒத்தைக்குத்தானே வந்துச்சு?"

"ஆமாப்பா. அஞ்சு தடவ. மத்த யாரும் ரெண்டாவது தடவ வரல."

நிரஞ்சன் எழுந்தார். கோபப்பட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம்தான் குறையே கிடையாதே. கோப்பையைக் கீழே வைத்து, மரியாதையாகக் கும்பிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார்: "ஒட்." சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற யோகேஸ்வரனுக்குத் தனக்குத் தெரிந்த அத்தனை அர்த்தங்களில் இது எந்த ஒட் என்று பிடிபடவில்லை. ஆனால் அதைச் சொன்ன குரலில் விஷம் இல்லை என்பது தெரிந்தது.

அங்கம்மா அவ்வளவு இலேசில் விடுகிறவர் அல்ல. வெளியே வந்து, தாவாரத்தின் கீழ் நின்றவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார்.

"ஏன்டா, ஒத்தைக்குக் கூப்புட்டா ரெட்டையாக்கிக்கிட்டு நிக்கிறியே! என் மகன் சட்டய வேற போட்டுக்கிட்டு!"

"தொவச்சு அயன் பண்ணி தந்துர்றேன் அக்கா."

"கழுத்துக்கிட்ட கசக்காம தொவை." வேனில் ஏறும்போது அவர் மறக்காமல் எண்ணினார். டிரைவரோடு ஏழு. அந்த மட்டிலும் சகுனம் கெடவில்லை என்பதில் அவருக்கு ஆறுதல் இருந்தது. றொனால்ட் ஹோர்ன் அடித்து, யோகேஸ்வரனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

அதன்பின் மாயாண்டி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். முக்காலியில் அல்ல, நாற்காலியில். யோகேஸ்வரன் நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டார்.

"தம்பி, பேச்சு பேச்சாவே இருக்கக்கூடாது. மொறையா ஒங்க ஆளுங்களோட வந்து கேளுங்க. எத்தன பேரு வருவீங்க?"

யோகேஸ்வரன் விரலை மடக்கினார். "நான். அம்மா." மடக்க அடுத்த விரல் அகப்படவில்லை. "ஆளு பாக்கணும் மாமா. ஒரு மூணு பேரு கெடச்சா அஞ்சாயிரும். ஆனா இங்க ஒத்தைக்குப் போற ஆளு நான் ஒருத்தன்தான்."

"யாரயும் தேட வேணாம்," என்றார் சுதர்ஷினி, ஆறிப்போன வடைத் தட்டை நீட்டி. "தனியா வாங்க. ஒண்ணும் ஒத்ததான்."

வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரன் தன் சொந்தச் சட்டையில், கையில் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஏந்தி, தனியாக மேல் டிவிசன் பாதையில் ஏறினார். சாஸ்திரப்படி ஒருவர்தான். இருபது அடி பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மா ராமாயி வந்துகொண்டிருந்தார். எதிரே கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் நின்று கேட்டார்கள்.

"மகனுக்குப் பொண்ணு கேக்கப் போறீங்களா அக்கா?"

"நானா? நான் கோயிலுக்குப் போறேன். அவன் போற பாதையும் இதுவா இருந்தா நான் என்னா செய்ய?"

கோயில் கீழ் டிவிசனில் இருக்கிறது என்பதை அந்தப் பெண்கள் மரியாதைக்காகச் சொல்லவில்லை. மாயாண்டிக்கு அந்த மரியாதை இல்லை. வாசலில் நின்று யோகேஸ்வரனைக் கைப்பிடித்து உள்ளே விட்டவர், பாதையில் நின்றுகொண்டு மரத்தைப் பார்ப்பதுபோல நடித்த ராமாயியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னா சம்பந்தி, கோயிலு அந்தப் பக்கமில்ல?"

"சாயங்காலம் போய்க்கிறேன்," என்று ராமாயி குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். "மருமகள தேத்தண்ணி ஊத்தச் சொல்லுங்க. இவன் அஞ்சு தடவ குடிச்சிட்டு வந்து வீட்டுல அந்தப் பேச்சாவே இருக்கான், எனக்கு இன்னும் ஒரு சொட்டு கெடைக்கல."